வளையல் செக்‌ஷன்ல நடந்தது

அந்த ஜன்னலைச் சாத்தாதீங்க அம்மிணி. காத்து வரட்டும். பொள்ளாச்சியில ஏறினதுலயிருந்து எனக்கு மண்டை காஞ்சு கெடக்குது. இல்லீங்க, தண்ணி வேண்டாம். தண்ணி குடிச்சு ஆறற சூடு இல்ல இது.

கோயமுத்தூர்தானே போறீங்க? நானும் உக்கடத்துலதான் எறங்கணும். கேட்டுக்கிட்டே வாங்க. யாருகிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சுரும். நீங்க முன்னப்பின்ன தெரியாதவங்க, அதுவே நல்லது. தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா அதுக்கு ஒரு காலு ஒரு கையி வெச்சு ஊரு பூராச் சொல்லிப்போடுவாங்க.

எம்பேரு துளசிமணி. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஜவுளிக் கடையில சூப்பர்வைசரு. கடைப் பேரு வேண்டாம், சொன்னா நேத்துக்கூட நீங்க அங்க போயிருப்பீங்க. மூணாவது மாடி, பேன்சி செக்‌ஷன். வளையலு, பொட்டு, ஜடை பில்லை, கல்யாணச் செட்டு, எல்லாம் என்ற பொறுப்பு. என்ற ஊட்டுக்காரரு தறி ஓட்டிக்கிட்டிருந்த காலத்துலயிருந்து அங்கதான் நிக்கறேன். நிக்கறேன்னா நிக்கறதுதான். ஒக்கார ஸ்டூலு குடுத்ததே போன வருசந்தான்.

எங்கிட்ட ஒரு புள்ள வேலைக்கு வந்தா. நாகாலாந்துக்காரி. அஸ்ஸாமுக்கும் அக்கட்டயாம். சின்னக் கண்ணு, அமுங்கின மூக்கு, நெறம்னா நெறம் அப்படி ஒரு நெறம். நான் அவளைச் சைனா பொம்மைன்னுதான் கூப்புடுவேன். ஆசையாத்தானுங்க. நம்ம புள்ளைகளைக் கருவாச்சி, குள்ளச்சின்னு கூப்புடறதில்லையா, அந்த மாதிரி. அவ பேரு வாயில நொழையாது. அதனால நானே இந்துன்னு ஒரு பேரு வெச்சு, மேனேஜருகிட்டச் சொல்லி, சட்டையில குத்தற பட்டையில அதையே அடிச்சுக் குடுத்தேன். வேதக்காரப் புள்ளதான், சர்ச்சுக்குப் போறவ. இருந்தாலும் பேரு நல்லா அமைஞ்சுபோச்சு. தெனமும் காலையில நெத்தியில ஒரு பொட்டும் வெச்சு விடுவேன். கல்யாணச் செட்டு எடுக்க வர்ற எடத்துல மொட்டை நெத்தியோட நின்னா நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க.

கெட்டிக்காரி. அதையும் சொல்லணும். தமிழ் ஒரு அட்சரம் தெரியாம வந்தவ. 'அக்கா இது என்ன, அது என்ன'ன்னு கேட்டுக் கேட்டு வெடுக்குனு புடிச்சுக்கிட்டா. அவளுக்குக் காய்ச்சல் வந்து ஹாஸ்டல்ல அனாதையாட்டக் கெடந்தப்ப யாரு போனாங்க? நாந்தான் ஆட்டோ வெச்சுக் கூட்டியாந்து என்ற ஊட்டுல படுக்க வெச்சுக் கஞ்சி வெச்சுக் குடுத்தேன். என்ற ஊட்டுக்காரரு கண்ணு ஆபரேசனுக்குப் படுத்திருந்தப்ப அவளும் வந்து ஒக்காந்திருந்தா. பெத்த பொண்ணு பெங்களூர்ல இருந்து போன்லதான் பேசுச்சு. இவதான் வந்தா. அப்படி இருந்தோம் நாங்க. அதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

ஆவணி முகூர்த்தக் கூட்டம். மாடியில மூச்சு விட எடமில்ல. ஒரு மில்லுக்காரப் பொம்பளை, பொண்ணுக்குக் கல்யாணம்னு கீழ பட்டெல்லாம் எடுத்து வெச்சு முன்பணம் கட்டிப்போட்டு வளையலுக்கு எங்க மாடிக்கு வந்துச்சு. கல்யாணப் பொண்ணு ஒக்காந்திருக்குது. இந்து அது கையைப் புடிச்சு, வெரலை ஒடுக்கி, கல்லு வளையலை மெதுவா ஏத்திக்கிட்டிருக்கறா. அம்மாக்காரி அக்கட்ட நின்னு போன் பேசி முடிச்சுட்டு அப்பத்தான் திரும்பிப் பார்க்குது.

"ஏய், கையை எடு!"

இந்துவுக்குப் புரியலை. வளையலு மணிக்கட்டுக்குப் போகாம பாதியில நிக்குது. பட்டுனு விட்டா அந்தப் பொண்ணுக்குத்தான் வலிக்கும்.

"எடுன்னா எடு! நாய் திங்கற கை எம்பொண்ணு மேல படறதா? ஏனுங்க, கல்யாணப் பொண்ணுக்கு வளையல் போட உங்களுக்கு நம்ம ஆளு ஒருத்திகூடவா கெடைக்கலை? கொரோனாவைக் கொண்டாந்து விட்ட சனத்தைப் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கறீங்க?"

சொல்லிப்போட்டு அது சும்மா நிக்கலை. மேசை மேல இருந்த கண்ணாடி வளையல் தட்டைக் கையால ஒரே தட்டு. அத்தனையும் கீழ. சிலீர்னு ஒரு சத்தம் பாருங்க, மாடியே நின்னுபோச்சு. கல்யாணத்துக்கு எடுக்க வந்த எடத்துல வளையலு ஒடைஞ்சா என்னன்னு பேசுவாங்க, உங்களுக்கே தெரியும். தட்டிவிட்டுப்போட்டு அதுவே கத்துது, "அபசகுனம்! இவ தொட்டதாலதான்!" அந்தக் கல்யாணப் பொண்ணு, படிச்ச பொண்ணு, அது ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். நடுவால பூந்து கேட்டேன். "ஏனுங்க, யாரைப் பார்த்து என்ன பேச்சுப் பேசறீங்க? இவ மத்தவிய மாதிரி இல்லீங்க. சுத்தமான புள்ள. தெனமும் தலைக்கு ஊத்தாம மாடி ஏற மாட்டா. நாய்க்கறி கீய்க்கறி எல்லாம் இக்கட்டக் கொண்டாரக் கூடாதுன்னு மொத நாளே நான் சொல்லிப்போட்டேன். இப்ப எங்கூட ரசஞ்சோறுதான். நம்ம பழக்கத்துக்கு முழுசா மாத்தி வெச்சிருக்கறேன். பொட்டைப் பாருங்க, பொட்டு!"

அத்தனை சனத்துக்கு முன்னால. ஒரு மில்லுக்காரிகிட்ட. எத்தன பேருக்கு வரும் அந்தத் தைரியம்? இந்து என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. வாய்க்கு வந்தபடி வஞ்ச பொம்பளையைக்கூட அவ அப்படிப் பார்க்கலை, என்னையப் பார்த்தா. நன்றி சொல்ல வாய் வராம நிக்கறான்னு நெனைச்சுக்கிட்டேன்.

அதுக்குள்ள மேனேஜரு கதிரேசன் ஓடியாந்தாரு. அந்த ஆளைப் பத்தி என்ன சொல்றது? கஸ்டமரைக் கண்டா முதுகுல எலும்பே இருக்காது. வந்த ஒடனே என்ன ஏதுன்னு கேட்கலை. கும்பிட்ட கையை எறக்கலை. "மன்னிச்சுக்குங்க மேடம், மன்னிச்சுக்குங்க." அப்பறம் இந்து பக்கம் திரும்பி, "மேடத்துகிட்டச் சாரி சொல்லு."

"எதுக்கு சார்?"

"சொல்லுன்னா சொல்லு. கஸ்டமரு."

சொன்னா. சொல்லிப்போட்டு மண்டி போட்டு, ஒடைஞ்ச கண்ணாடியை வெறுங்கையில பொறுக்க ஆரம்பிச்சுட்டா. அந்தப் பொம்பளைக்கு ஏசிக்குக் கீழ சேர் போட்டு, மாதுளம்பழ ஜூஸு வந்துச்சு. வஞ்சவளுக்கு ஜூஸு, வசவு வாங்கினவளுக்கு வெளக்கமாறு! இதுதானுங்க பெரிய கடை ஞாயம். அதோட விட்டாரா அந்த ஆளு? சூடு ஆறட்டும்னு இந்துவைக் கீழ குடோனுக்கு அனுப்பிப்போட்டாரு. அட்டைப் பொட்டி பிரிக்கற வேலை. காத்து வராது, வெளிச்சம் வராது.

நான் போயி கேட்டேன். "ஏனுங்க கதிரேசன், தப்புப் பண்ணினது யாரு, குடோனுக்குப் போறது யாரு?"

"துளசிம்மா, கஸ்டமருங்கறது தெய்வம்."

"எந்தக் கோயில்லீங்க இப்படி வாய் வெச்ச தெய்வத்தைக் கும்பிடறாங்க?"

மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. நான் விடலை. தெனமும் கேட்டேன். போறப்பக் கேட்டேன், வாறப்பக் கேட்டேன். சாப்பாட்டு நேரத்துல அவ முன்னமாதிரி எங்கூட வந்து ஒக்காரலை. குடோன்லயே சாப்பிட்டுக்கறேன்னு சொன்னா. பாவம், மனசு ஒடைஞ்சுபோச்சு புள்ளைக்குன்னு நெனைச்சேன்.

அன்னிக்குக் கூட்டத்துல ஒரு காலேஜுப் பொண்ணு எல்லாத்தையும் போன்ல படம் புடிச்சு வெச்சிருந்திருக்குது. நெட்டுல போட்டு விட்டுருச்சு. அவ்வளவுதான், ஊரெல்லாம் அதே பேச்சு. கடையை நாறடிக்கறாங்க. 'இந்தக் கடைக்குப் போகாதீங்க'ன்னு ஒருத்தன், 'அந்த அம்மா பேசினது சரிதான்'னு இன்னொருத்தன். முதலாளியம்மா சிங்கப்பூர்ல பொண்ணு ஊட்டுக்குப் போயிருந்தவங்க, பொட்டியைக்கூடப் பிரிக்காம நேரா கடைக்கு வந்தாங்க. மேல ஆபீஸ் ரூமுக்கு எங்க மூணு பேரையும் கூப்பிட்டாங்க. கதிரேசன், இந்து, நானு.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். இன்னிக்குக் கதிரேசன் தோலை உரிக்கப் போறாங்கன்னுதான் போனேன். புதுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன்னா பார்த்துக்குங்களேன்.

மேசை மேல ஒரு பட்டுச்சேலை, ஒரு ஸ்வீட் பாக்ஸு. முதலாளியம்மா சொன்னாங்க, "இந்து, நீ எங்க ஊட்டுப் பொண்ணு மாதிரிம்மா. இதைக் கட்டிக்கிட்டு எம்பக்கத்துல நில்லு. ஒரு போட்டோ எடுத்துப் போடுவோம். எல்லாம் சரியாப்போயிரும்."

அவ சேலையைத் தொடலை. "போட்டோ வேண்டாம் மேடம்."

"ஏம்மா?"

"போட்டோவுல நான் சிரிக்கணும். எனக்கு இப்பச் சிரிப்பு வராது."

முதலாளியம்மா அந்தச் சேலையை எடுத்துத் தள்ளி வெச்சுட்டு, "சரி. நீயே சொல்லு. நாங்க என்ன செய்யணும்?"ன்னு கேட்டாங்க. பெரிய மனுசி. அதைக் கேட்கவும் ஒரு மனசு வேணுமில்ல.

அவ பேசினா அம்மிணி. தமிழ்லயே பேசினா. "அந்த அம்மா கத்தினப்ப சார் எம்பக்கத்துல வந்து நிக்கலை. என்ன நடந்துச்சுன்னு என்னையக் கேட்கலை. ஒடைச்சது அவங்க. சாரி சொன்னது நானு. மாடியில எல்லாரும் பார்த்தாங்க, நான் தப்புப் பண்ணின மாதிரி. அதை மாடியிலயே எல்லாரும் பார்க்கச் சரி பண்ணணும். ரூமுக்குள்ள வேண்டாம். என்னைய குடோன்ல ஒளிச்சு வெக்கக் கூடாது. அந்த அம்மா திரும்பி வந்தா, மொதல்ல எங்கிட்டப் பேசணும்."

சபாஷ்னு எனக்குக் கை தட்டணும்போல இருந்துச்சு. கதிரேசன் மூஞ்சி சுண்டைக்காயாட்ட ஆயிப்போச்சு. அத்தோட நிறுத்தியிருக்கலாமில்ல?

"எம்பேரு இந்து இல்ல மேடம். இம்சென்லா. சேர்ந்தன்னிக்கே சொன்னேன். அக்கா கஷ்டமா இருக்குன்னாங்க. பொட்டு நான் கேட்கலை. எங்க ஊட்டுல யாரும் நாய் தின்னதில்ல. அக்கா ஒருநாளும் எங்கிட்டக் கேட்கலை. தின்னாலும் அந்த அம்மா அப்படிப் பேசலாமா? அக்கா எனக்காகத்தான் சண்டை போட்டாங்க, தெரியும். ஆனா அக்கா சொன்னதைக் கேட்டப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. அந்த அம்மா யாரோ. அக்கா எனக்கு அக்கா."

என்னடா இது, பாம்பு நம்ம பக்கம் திரும்புதேன்னு நிக்கறேன். அப்பத்தான் கடைசியா அதைச் சொன்னா.

"டீ குடிக்க எனக்கு மட்டும் தனி டம்ளர் வேண்டாம் மேடம்."

அட கெரகமே! தனி டம்ளருன்னா என்னமோ நான் கொலை பண்ணினாப்பல! புது சில்வர் டம்ளருங்க அது. என்ற காசு போட்டு வாங்கினேன். மத்தவிய டம்ளரோட கலந்துறக் கூடாதுன்னு அடியில நெகப்பாலிஷ்ல செவப்பா ஒரு புள்ளி வெச்சேன். அவ்வளவுதான். அவளுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கட்டுமேன்னு செஞ்சது. அது ஒரு குத்தமா?

முதலாளியம்மா எம்பக்கம் திரும்பினாங்க. "துளசிம்மா, மத்த புள்ளைகளுக்கும் புள்ளி வெச்ச டம்ளர் இருக்குதா?"

நான் உள்ளதைச் சொன்னேன். எனக்குப் பொய் பேச வராது. "அதுக எல்லாம் நம்ம புள்ளைக மேடம், கலந்துதான் குடிக்கும்."

அவங்க என்னைய ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு நாலு வசவு வஞ்சிருக்கலாம்.

அடுத்த நாளு சனம் நெறஞ்ச நேரம், முதலாளியம்மாவே மாடிக்கு வந்தாங்க. ஆபர் சொல்ற மைக்கை வாங்கினாங்க. "இந்த எடத்துல எங்ககிட்ட வேலை செய்யற இம்சென்லாவை ஒரு கஸ்டமர் கேவலமாப் பேசினாங்க. அன்னிக்கு நாங்க இந்தப் பொண்ணு பக்கம் நிக்காம அவங்க பக்கம் நின்னோம். அது எங்க தப்பு. இனி இந்தக் கடையில வேலை செய்யறவங்களை அப்படிப் பேசறவங்களுக்கு இங்க வியாபாரம் இல்ல." கதிரேசன் வந்து, எந்த எடத்துல சாரி சொல்ல வெச்சாரோ அதே எடத்துல நின்னு மன்னிப்புக் கேட்டாரு. வாயி கொழறுச்சு. நல்லா வேணும். இந்துவை மறுபடி மாடியிலயே நிறுத்தி, பேரு பட்டை மாத்திக் குடுத்தாங்க. மில்லுக்காரப் பொம்பளைக்கு முதலாளியம்மாவே போன் போட்டாங்க, நாங்களெல்லாம் நிக்கறப்பவே. "உங்க சேலைங்க இங்க பத்திரமா இருக்குது. நீங்க நேர்ல வந்து எங்க பொண்ணுகிட்ட பேசுங்க, அப்பறம் எடுத்துக்கலாம். பேச முடியாதுன்னா முன்பணத்தைத் திருப்பிக் குடுத்தர்றோம்." அந்தப் பொம்பளை வேற கடைக்குப் போயிருச்சு. போகட்டும், பீடை.

இவ்வளவும் எனக்குச் சந்தோசந்தானுங்க. நான் கேட்டதுதானே நடந்துச்சு! அப்பறம் மைக்கை அணைச்சுட்டு, மெதுவா எங்கிட்ட வந்து சொல்றாங்க, "துளசிம்மா, நீங்களும் அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

நானா?

கதிரேசனும் நானும் ஒண்ணா? அவளுக்காகச் சண்டை போட்டது நானு. கஞ்சி வெச்சது நானு. எனக்கு மூஞ்சியில தண்ணி தெளிச்சாப்பல ஆயிப்போச்சு. சாவிக் கொத்தை மேசை மேல வெச்சேன். படி எறங்கினேன். எறங்கினவதான். அவ பின்னாலயே ஓடியாந்தா, "அக்கா, அக்கா"ன்னு. திரும்பலை. அப்பறம் போன் பண்ணினா. எடுக்கலை. பண்ணிக்கிட்டேதான் இருக்கறா, நேத்துக்கூடப் பண்ணினா.

இப்ப எதுக்குப் பொள்ளாச்சி போயிட்டு வர்றேன்னு கேட்கலையே நீங்க? புதுசா ஒரு பேன்சி கடை தொறந்திருக்கறாங்க, அனுபவமான பொம்பளை வேணும்னு எனக்கு ஆளு விட்டாங்க. சம்பளமும் கூட. சரின்னு போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போறேன், கல்லாவுக்குப் பக்கத்துல சோபாவுல ஒக்காந்திருக்கறது யாரு? அதே மில்லுக்காரப் பொம்பளை! அது தம்பி பொண்டாட்டி கடையாம்.

எந்திரிச்சு வந்து என்ற கையைப் புடிச்சுக்கிச்சு. "வாங்க துளசிம்மா. அன்னிக்கு நீங்க சத்தம் போட்டதை நான் மனசுல வெச்சுக்கலை. நடந்ததெல்லாம் கதிரேசன் சொன்னாரு. அவளுக்குத் தனி டம்ளர் வெச்சதுக்கா உங்களைத் தலை குனிய வெச்சாங்க? நீங்க சரியாத்தான் வெச்சிருந்தீங்க. நான் வாயை விட்டுச் சொன்னேன், நீங்க சொல்லாமச் செஞ்சீங்க. நாமெல்லாம் ஒண்ணுதானுங்க."

ஒண்ணு!

காப்பி வந்துச்சு, தொடலை. கையை ஒதறிக்கிட்டு வெளியில வந்தவ, எந்த வண்டின்னு பார்க்காம இதுல ஏறி ஒக்காந்தேன். சொல்லுங்க அம்மிணி, நானும் அந்தப் பொம்பளையும் ஒண்ணா? அது தட்டிவிட்டுது, நான் அவளுக்குச் சோறு போட்டேன். அது நாயின்னுச்சு, நான் பொம்மைன்னு கூப்பிட்டேன். ஒண்ணாகுமா? என்னங்க நீங்க, இவ்வளவு நேரம் ம், ம்னு கேட்டுக்கிட்டு வந்தீங்க, இப்பப் போயி வெளியில பார்க்கறீங்க. ஈச்சனாரியில என்ன இருக்குதுன்னு பார்க்கறீங்க?

சரி, சொல்ல வேண்டாம் விடுங்க.

ஊட்டுக்குப் போகலை. நேரா எங்க பழைய கடைக்குத்தான். மன்னிப்புக் கேட்கவா? யாரு சொன்னா? அந்தப் பொம்பளை சொன்னது பொய்யின்னு காட்டணும், அதுக்குத்தான் போறேன். எப்படிக் காட்டறதுன்னு கேட்காதீங்க, எனக்குத் தெரியலை. மூணு மாடி ஏறி அந்தப் புள்ள முன்னால போயி நிக்கப்போறேன். திட்டறதுன்னா திட்டட்டும். மத்த புள்ளைக பார்க்கட்டும், கதிரேசன் பார்க்கட்டும், எனக்கென்ன. அவ என்ன கேட்கறாளோ கேட்கட்டும், வாயில என்ன வருதோ அதைச் சொல்லிப்போடறேன்.

உக்கடம் வந்துருச்சாட்ட இருக்குது. கொஞ்சம் வழி விடுங்க. என்ன கண்டக்டரே, ஸ்டாண்டுக்குள்ள போயித்தான் நிறுத்துவியா? இங்கயே நிறுத்து சாமி, விசிலை ஊது. நீ சுத்திக்கிட்டு உள்ள போறதுக்குள்ள எனக்கு மனசு மாறிப்போச்சுன்னா, நான் ஊட்டுக்குத்தான் போவேன்.